மானுக்குக் குனிந்த பிள்ளைகள்

திருகோணமலை பஸ் நிலையத்தில் என்னை முதலில் வரவேற்றது ஒரு புள்ளிமான். என் தோள்பையின் வாயிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு உருவி, நின்ற இடத்திலேயே மென்றுவிட்டு, 'இன்னொன்று இருக்கிறதா?' என்பது போல என் முகத்தைப் பார்த்தது. எங்கள் தூத்துக்குடி பஸ் நிலையத்தில் மாடு படுத்திருக்கும், ஆடு போஸ்டர் தின்னும். மானை நான் கம்பிக்கு அந்தப் பக்கம் வைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

“பையை மேல தூக்குங்க! இது கவர்மென்ட் மான். அடிக்கவும் ஏலா, ஏசவும் ஏலா” என்று சிரித்துக்கொண்டே ஒருவர் வந்தார். “நீங்கதானே இந்தியா டீச்சர்? சுகந்தி டீச்சர் அனுப்பினவ. நான் ரமீஸ். ஓட்டோ ஓடுறன். என்ட மகள் ஸஹ்ராவும் அந்த ஸ்கூல்தான், மூணாம் ஆண்டு.”

என்னை ஒருவர் 'டீச்சர்' என்று கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. 'இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. பெருமையாக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். ஏறியதுதான் மிச்சம், வண்டி முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டது. நடுரோட்டில் ஒரு மான் காலை மடக்கிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ரமீஸ் இன்ஜினை அணைத்தார்.

“ஹாரன் அடிச்சுப் பாருங்களேன்” என்றேன்.

“அடிச்சா எழும்பாது டீச்சர். அதுக்கே அலுத்தாத்தான் எழும்பும். எங்கட ஊர்ல மானுக்கும் மாப்பிள்ளைக்கும் அவசரம் காட்டக் கூடாதெண்டு சொல்லுவாங்க.”

பின்னால் வந்த லாரியும் நின்றது, சைக்கிள்களும் நின்றன. ஒருவர்கூட ஏசவில்லை. மானுக்கு அலுத்த பிறகு ஊர் நகர்ந்தது. யார் எங்கே என்ன பழமொழி சொன்னாலும் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். வந்து இறங்கிய சூட்டோடு ஒன்று கிடைத்ததில் எனக்குப் பரம சந்தோஷம்.

மேட்டில் ஏறியதும் துறைமுகம் தெரிந்தது. நானும் துறைமுகத்து ஊர்க்காரிதான். ஆனால் எங்கள் ஊரில் கடல் தட்டையாகக் கிடக்கும், கப்பல் எல்லாம் வெளியே வெயிலில் வரிசையில் காத்து நிற்கும். இங்கே மலைகள் கடலை மடியில் எடுத்து வைத்திருக்கின்றன. உள்ளே நின்ற பெரிய கப்பல் ஒன்று, தொட்டியில் விட்ட பொம்மை போல ஆடாமல் அசையாமல் நின்றது. “எங்கட கடல் வீட்டுக்குள்ள வந்த கடல்” என்றார் ரமீஸ். இரண்டாவது பழமொழி.

நான் வந்தது சுகந்தியின் பள்ளிக்கூடத்தில் ஜப்பான் மொழி சொல்லிக்கொடுக்க. அது எப்படி என்று கேட்பீர்கள். நான் ஜப்பானுக்குப் போனதே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகள் இருக்கிற சாலையில் மெஸ் நடத்தினேன். ஜப்பான் இன்ஜினியர்கள் சாப்பிட வருவார்கள். ரசத்தைச் சூப் என்று நினைத்துக் கிண்ணத்தைத் தூக்கிக் குடிப்பார்கள். சாப்பிடுகிறவன் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றால் எந்தப் பாஷையும் வந்துவிடும். எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. பேச்சில் மட்டும் யாருக்கும் சளைக்க மாட்டேன்.

சுகந்தி என் பள்ளித்தோழி. சண்டைக் காலத்தில் திருகோணமலையிலிருந்து வந்து, எங்கள் ஊர்ப் பக்கத்து முகாமில் இருந்துகொண்டு என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பிறகு ஊர் திரும்பி, ஆசிரியையாகி, இப்போது துறைமுகத்தை ஒட்டிய ஒரு சின்ன ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு அதிபர், எங்கள் ஊர்ப் பேச்சில் தலைமையாசிரியை. அவள்தான் போனில் அழைத்தாள்: “ஸ்டெல்லா, நீ அந்த ஜப்பான் கதையெல்லாம் கதைப்பாய்தானே? ஒருக்கா வந்து என்ர பிள்ளையளுக்குச் சொல்லித் தா.”

லிங்கநகரில் அவள் வீட்டுக் குசினியில் இடியப்பமும் சொதியும் பொரித்த சூடை மீனுமாகப் பரப்பி வைத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னாள். சுனாமிக்குப் பிறகு யோஷிக்கோ என்ற ஜப்பான் அம்மா ஒருவர் இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கி, ஊராரோடு சேர்ந்து கல் சுமந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டிடம் எழுப்பினாராம். இப்போது வயதாகிவிட்டது. கட்டிடத்தையும் பிள்ளைகளையும் ஒருதரம் பார்க்க வருகிறார். பிள்ளைகள் அவருடைய மொழியில் வணக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

“இதுக்கா ஏட்டி என்னைக் கடல் தாண்டி வரச் சொன்ன?”

“இதுக்கு மட்டுமில்லை.” இடியப்பத்தின் மேல் இன்னொரு கரண்டி சொதியை ஊற்றினாள். “இஞ்ச தமிழ்ப் பிள்ளையளும் முஸ்லிம் பிள்ளையளும் ஒரே வாங்கில இருந்து படிக்குதுகள். இந்த ஊரில அது லேசான காரியமில்லை. ரெண்டு பக்கத்திலயும் 'எங்கட பிள்ளையள எங்கட ஸ்கூலுக்கு மாத்துவம்' எண்டு கதைக்கிற ஆக்கள் இருக்கினம். எல்லாப் பிள்ளையும் சேர்ந்து நிண்டு ஒரு நல்ல காரியம் செய்து, தாய் தகப்பன் அதைக் கண்ணால பாக்கவேணும். பாத்தா இன்னும் கொஞ்சக் காலத்துக்கு ஒருத்தரும் மாத்த மாட்டினம்.”

“பாத்துட்டா போச்சு. விடு, நான் இருக்கேன்” என்றேன். வாய்க்கு என்ன, அது சொல்லிவிடும்.

மறுநாள் வகுப்பு. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலை அள்ளிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாகக் கொட்டியது. பிள்ளைகள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. காலை வணக்கத்துக்கு நான் 'ஒஹாயோ' என்றேன். கூரை பறந்துவிடும் போல 'ஒஹாயோ' என்றார்கள். பகல் வணக்கத்துக்கு 'கொன்னிச்சிவா' என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து கவின் என்ற பையன், “டீச்சர், இந்தச் சொல்லை ஆர் கண்டுபிடிச்சது? சிவாவோ?” என்று கேட்டான். பக்கத்தில் இருந்த ஸஹ்ரா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். “விசர்க்கதை கதைக்காதடா.”

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் புது வாத்தியார் வந்தால் முதல் நாள் வாயே திறக்காது. இவர்கள் சாப்பாட்டு மணி அடித்தும் எழும்பவில்லை. நன்றி சொல்ல என்ன, மன்னிப்புக் கேட்க என்ன, 'சீ, போடா' என்பதற்கு என்ன என்று கேட்டுக் கேட்டு என்னைத் தின்றுவிட்டார்கள். கடைசிக் கேள்விக்கு எனக்கு விடை தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

ஜப்பான் வணக்கம் வாயோடு முடியாது, இடுப்பிலும் இருக்கிறது. நேரே நின்று, கையைத் தொடையோடு ஒட்டி, முதுகு வளையாமல் முன்னால் குனிய வேண்டும். என் மெஸ்ஸில் ஐம்பது வயது மேனேஜர்கள் சாம்பாருக்குக்கூடக் குனிவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது படிந்துபோயிருந்தது. பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் படிந்துவிட்டது. சொல்லும் குனிவும் ஒன்றாக வந்தன. காற்றடித்த நெல் வயல் மாதிரி வகுப்பே ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. சுகந்தி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள், அத்தனை சந்தோஷம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? “ஜப்பான்ல நாரான்னு ஒரு ஊர் இருக்கு. அங்கயும் உங்க ஊர் மாதிரியே ரோட்டுல மான் திரியும். நாம குனிஞ்சா அதுவும் திருப்பிக் குனியும்” என்று சொல்லிவைத்தேன். எங்களிடம் சாப்பிட்டவர் ஒருவர் போனில் காட்டிய படம் அது, பொய்யில்லை. பிள்ளைகள் கண்ணை அகல விரித்துக் கேட்டார்கள்.

அன்று பின்னேரம் சுகந்தியும் நானும் கடற்கரையில் இறால் வடை தின்றுகொண்டிருந்தோம். இறால் தோலோடு மொறுமொறுவென்று வடையின் நெற்றியில் ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் இறால் கிடைக்கிற கிடைப்புக்கு இதை ஏன் யாரும் செய்வதில்லை என்று நான் வியாக்கியானம் செய்துகொண்டிருந்த அதே நேரத்தில், பஸ் நிலையத்துப் பக்கம் ஸஹ்ராவும் கவினும் இன்னும் நாலைந்து பேரும் ஒரு கிழட்டு மானைச் சுற்றி வரிசையாக நின்று, கையைத் தொடையில் ஒட்டி, 'ஒஹாயோ, ஒஹாயோ' என்று குனிந்து குனிந்து எழும்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மான் ஒன்றும் செய்யவில்லை. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ரமீஸ் அதைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் பள்ளிக்கூடத்து வாசல் கேற்றடியில் நின்றார். அவரோடு இன்னும் சில தகப்பன்மார்.

“டீச்சர், உங்களோட எனக்குக் கோவம் இல்ல. நீங்க நல்லதுக்குத்தான் வந்தீங்க” என்றுதான் தொடங்கினார். “ஆனா நாங்க குனியிறது தொழுகையில மட்டும்தான். அதை ருகூஉ எண்டு சொல்லுவம். அல்லாஹ்வுக்கு முன்னால மட்டும் செய்யிற காரியம். மனிசருக்கு முன்னாலயே செய்ய மாட்டம். என்ட மகள் மானுக்கு முன்னால செய்யிறாள்! ஸ்டாண்டில எல்லாரும் என்னைப் பாத்துக் கேக்கிறாங்க, 'என்ன ரமீஸ், மகளுக்குக் குர்ஆன் ஓதிக் குடுக்கிறது மான் ஹஸ்ரத்தா?' எண்டு.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இது விளையாட்டு இல்லை. எங்கள் ஊரில் மாதா கோயிலில் முழங்கால் போடுகிறவள் நான். கண்டவர் முன்னால் முழங்கால் போடு என்று என் பிள்ளைக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்தால் நான் சும்மா இருப்பேனா?

“மன்னிச்சிருங்க அண்ணே. குனியிறதை விட்டுருவோம்” என்றேன்.

அதற்குள் கவினின் அம்மா ஜெயந்தி முன்னால் வந்தாள். “எங்கட பிள்ளையளுக்கு அதில ஒண்டுமில்லை. அவை பழகினதை ஏன் விடவேணும்? எங்கடையள் முன்னுக்கு நிண்டு குனியட்டும், அவையின்ர பிள்ளையள் பின்னுக்கு நிக்கட்டும். அலுவல் முடிஞ்சுது.”

“பின்னுக்கோ?” ரமீஸின் குரல் உயர்ந்தது. “என்ட மகள் ஏன் பின்னுக்கு நிக்கணும்? அதுக்குப் பதிலா, அந்த அம்மா வாற அண்டைக்கு அவள் வீட்ட நிக்கட்டும்.”

“ஓம், எங்கட பிள்ளைகளும்” என்றார் பக்கத்தில் நின்றவர்.

மணி அடித்தது. எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கலைந்தார்கள். அன்று இரவு சுகந்தி பாண் என்கிற பேக்கரி ரொட்டியும் பருப்பும் வைத்தாள், தான் தொடவில்லை.

“குனியிறதை எடுத்தா ஒரு பக்கம் கோவம். வச்சா மற்றப் பக்கம் வராது. முன்னுக்கு, பின்னுக்கு எண்டு நிப்பாட்டினா வாற அம்மா ஒரு கண்ணில வெண்ணெயும் மற்றக் கண்ணில சுண்ணாம்பும் வச்சதைத்தான் காணுவா. அவ பாத்திட்டுப் போயிடுவா. பிள்ளையள் தெரிஞ்சுகொண்டதை மறக்காதுகள். ஒருக்காப் பிரிஞ்சுதெண்டா, பிறகு ஒட்ட ஏலாது, ஸ்டெல்லா.”

என்னால் வந்த வினை.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஆட்டோ ஸ்டாண்டுக்கு நானே போனேன். ரமீஸ் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பவில்லை. “வெயிலுக்குள்ள நிண்டு கதைக்க ஏலா. வீட்ட வாங்க, ப்ளேன்டீ குடிச்சுக்கொண்டு கதைப்பம்” என்று வண்டியில் ஏற்றினார். பாதி வழியில் வண்டி இருமி இருமி நின்றுபோனது. இருவருமாக இறங்கித் தள்ளினோம். கோபமாக இருக்கும் ஒருவரோடு சேர்ந்து ஆட்டோ தள்ளிப் பாருங்கள், கோபம் பாதி தூரத்தில் கழன்றுவிடும்.

இறங்குதுறைக்குப் பக்கத்தில் அவர் வீடு. மனைவி ஃபரீதா இஞ்சி தட்டிப் போட்ட ப்ளேன்டீயும் தேங்காய்ப்பூ ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் வைத்தார். சம்பல் ஒரு விள்ளலிலேயே காதில் ஏறியது. அதை அணைக்கக் கிண்ணியாத் தயிர், மண்சட்டியோடு. கவிழ்த்தாலும் விழாத தயிர். அதன் மேல் கருப்பட்டிப் பாகு மாதிரிப் பாணி ஊற்றித் தந்தார்கள். எங்கள் ஊரில் தயிரில் இனிப்புப் போட்டால் நோயாளி என்பார்கள்.

நான் இன்னும் விஷயத்துக்கே வரவில்லை, ரமீஸின் போன் அடித்தது. ஒரு சவாரி. “ஒரு ஹயர், டீச்சர், பக்கத்திலதான். போயிட்டு வாறன்” என்று எழுந்தார்.

மீன் கழுவிக்கொண்டிருந்த ஃபரீதா நிமிராமலே, “போயிட்டு வாங்க” என்றார். தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஸஹ்ராவும் பென்சிலை நிறுத்தாமல், “போயிட்டு வாங்க வாப்பா” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டோச் சத்தம் திரும்பி வந்தது. அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தத்துக்கே, “வந்துட்டீங்களா?” என்றார் ஃபரீதா, கை மீனில். “வாப்பா வந்துட்டாங்க!” என்றாள் ஸஹ்ரா, கண் கணக்கில். ஒருத்தரும் எழும்பவில்லை. ஒருத்தரும் குனியவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய வரவேற்பு அந்த மனிதருக்கு ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

நான் தயிர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஜப்பான்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள்! வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்களும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'இத்தெகிமாஸ்' என்பார்கள், போய் வருகிறேன் என்று அர்த்தம். வீட்டில் இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்', போய் வாருங்கள். திரும்பி வந்தால் வாசலில் நின்று 'ததாயிமா', இதோ வந்துவிட்டேன். உள்ளே இருப்பவர் 'ஒகாயெரி', வந்துவிட்டீர்களா, வாருங்கள். அடுப்படியிலிருந்து, துணி மடித்துக்கொண்டே சொல்வது. அதற்குக் குனிவதே கிடையாது. வீட்டு மனிதருக்கு யார் குனிவார்?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ரமீஸிடம் சொன்னேன்.

“அந்த அம்மா இங்க வந்து மாசக்கணக்கா இருந்தவங்கதான?” என்றேன். “அப்ப அவங்க விருந்தாளியா வரல அண்ணே. வீட்டுக்குத் திரும்பி வர்றாங்க. ஒகாயெரிதான் சரி.”

அவர் தாடையைச் சொறிந்தார். “இதில குனியிற வேலையே இல்லயா?”

“கையில வேலை இருக்கிறவங்க சொல்றது. குனிய நேரம் ஏது?”

“அவ கல் சுமக்கேக்க எங்கட வாப்பாவும் சுமந்தவர்” என்றார் மெதுவாக. “சரி. நான் மத்தவங்களோட கதைக்கிறன். அண்டைக்கு ஸஹ்ராவ நானே கூட்டி வாறன். ஆனா டீச்சர், கேற்றடியில நிண்டு பாப்பன். ஒரு பிள்ளை குனிஞ்சாலும், கையப் புடிச்சுக் கூட்டிக்கொண்டு போயிடுவன். பிறகு ஒண்டும் சொல்லக் கூடாது.”

ஜெயந்தியிடம் சுகந்தி போய்ப் பேசினாள். யாரும் பின்னுக்கு இல்லை, யாரும் முன்னுக்கு இல்லை, புதுச் சொல் எல்லாருக்கும் புதுசு என்றதும் அவள் சமாதானமானாள்.

வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். வகுப்புக்குள் போனபோதுதான் தெரிந்தது. நான் ஊட்டிய குனிவு பிள்ளைகளின் இடுப்பிலிருந்து இறங்க மாட்டேன் என்றது. மரியாதைக்கு நீட்டி 'ஒகாயெரிநசாய்' என்று சொன்னதும் வகுப்பு முழுக்கச் சாய்ந்தது. “குனியாதீங்க” என்று சொன்னால், சொல்லை மறந்துவிட்டு நிமிர்ந்தார்கள். சொல்லை நினைத்தால் இடுப்பு மடிந்தது. தலையில் நோட்டுக் கொப்பியை வைத்துப் பார்த்தேன். கொப்பிகள் மழையாகப் பொழிந்தன, வகுப்பு சந்தையானது. படிப்பித்தது நான், கழற்றத் தெரியவில்லை.

இடைவேளையில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஸஹ்ரா, நான் உள்ளே வருவதைக் கண்டு தோளுக்கு மேலால் திரும்பி, “ஒகாயெரி டீச்சர்!” என்றாள். முதுகு பனைமரம் மாதிரி நேராக இருந்தது. கை பலகையில்.

ஓடிப்போய் சுகந்தியிடம் சொன்னேன்: “எல்லாப் பிள்ளைக்கும் கையில ஒரு வேலை குடுப்போம். ஒண்ணு கூட்டட்டும், ஒண்ணு பலகை துடைக்கட்டும், ஒண்ணு செடிக்குத் தண்ணி ஊத்தட்டும். அந்தம்மா உள்ள வரும்போது வேலையில இருந்தபடியே கூப்பிடட்டும்.”

“உனக்கு விசரோ? வாற மனிசியைத் தும்புத்தடியோட வரவேற்கிறதோ? இஞ்ச தும்புத்தடியைக் காட்டினா ஏச்சு!”

“எங்க ஊர்லயும் விளக்குமாத்தைக் காட்டினா அடிதான். ஆனா ஜப்பான்ல பள்ளிக்கூடத்தைப் பிள்ளைங்களே கூட்டும். எங்க மெஸ்ஸுக்கு வந்த அத்தனை பேரும் சொல்லிருக்காங்க. அதுக்குன்னு தனியா ஆள் கிடையாது.”

சுகந்தி அலுமாரியைத் திறந்து துடைக்கிற துணிகளை எடுத்துப் போட்டாள். “சரி. கெட்டாலும் எல்லாரும் ஒண்டாக் கெடுவம்.”

அந்த நாளும் வந்தது. பெற்றோர் கேற்றடியில் நிறைந்து நின்றார்கள். ரமீஸ் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஜெயந்தி, ஒரு மாலையோடு ஊர்ப் பெரியவர் ஒருவர். பிள்ளைகள் கையில் இருந்தவற்றை அவர் பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், இண்டைக்கோ கூட்டித் துடைக்கிற சிரமதானம்?” என்று முகம் சுளித்தார்.

வான் வந்து நின்றது. இறங்கியவர் மெலிந்த ஒரு அம்மா, தலை முழுக்கப் பஞ்சு, கையில் ஊன்றுகோல். மாலையை வாங்கிக்கொண்டார், சிரித்தார், சிரிப்பில் பயணக் களைப்பு. மொழிபெயர்ப்பாளர் ஏதோ சொல்ல, தலையை ஆட்டிக்கொண்டே முற்றத்துக்குள் அடி வைத்தார்.

முற்றத்தில் நாலு பேர் கூட்டிக்கொண்டிருந்தார்கள். விறாந்தையில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார்கள். குரோட்டன் செடிகளின் பக்கத்தில் கவின் பூவாளியோடு. தும்புத்தடியோடு நின்ற ஸஹ்ராதான் முதலில் கண்டாள்.

“ஒகாயெரிநசாய்!”

உடனே எல்லாப் பக்கத்திலிருந்தும், ஜன்னலிலிருந்து, கிணற்றடியிலிருந்து, கதவுக்குப் பின்னாலிருந்து: “ஒகாயெரிநசாய்! ஒகாயெரிநசாய்!”

அந்த அம்மா நின்றுவிட்டார். சிரிப்பு முகத்தை விட்டுப் போய்விட்டது. தும்புத்தடியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். சுகந்தி என் முழங்கையை நசுக்கிவிட்டாள். ஏச்சு என்று நினைத்துவிட்டாரோ? நான் தப்பான சொல்லைக் கற்றுக்கொடுத்துவிட்டேனோ? என் ஜப்பான் மொழி முழுக்கச் சாம்பாரில் ஊறியது. அதை நம்பி ஒரு பள்ளிக்கூடத்தையே பணயம் வைத்திருக்கிறேனே!

“ததாயிமா” என்றார் அவர். பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. பிறகு ஊன்றுகோலை நிலத்தில் ஊன்றி, பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குள் ஓடி வருகிற சின்னப் பெண் மாதிரி, உரத்து: “ததாயிமா!”

சொல்லிவிட்டு, பழக்கதோஷம், பிள்ளைகளைப் பார்த்து ஆழமாகக் குனிந்தார்.

என் உயிர் போய்விட்டது. குனிகிறவரைக் கண்டால் இந்தப் பிள்ளைகளின் இடுப்பு நிற்குமா? ஸஹ்ரா இரண்டு கையாலும் தும்புத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கம்பம் போல நின்றாள். ஜன்னலில் நின்றவர்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்கள். கவின் மட்டும் அரை அங்குலம் முன்னால் சாய்ந்தான். பூவாளி அவனை முந்திக்கொண்டு சாய்ந்து, மாலை கொண்டுவந்த பெரியவரின் சப்பாத்துக்குள் முழுத் தண்ணீரையும் ஊற்றியது. பெரியவர் துள்ள, கவின் விறைத்து நிமிர்ந்தான்.

கேற்றடியில் முதலில் சிரித்தது ரமீஸ். பிறகு ஊரே சிரித்தது, பெரியவரும்தான். யோஷிக்கோ அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஸஹ்ராவின் கையிலிருந்த தும்புத்தடியைக் கேட்டு வாங்கி, தான் எழுப்பிய கட்டிடத்தின் படியை இரண்டு வீச்சுக் கூட்டினார். பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். வகுப்புக்குள் பிள்ளைகள் அவரைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். தங்களுக்குத் தெரிந்த அத்தனையையும் ஆளுக்கு ஆள் அவர் மேல் கொட்டினார்கள். என் முறை வந்தபோது அவர் என்னிடம் ஜப்பான் மொழியில் கேட்டார், எங்கே படித்தீர்கள் என்று. “சாப்பாட்டுக் கடையில்” என்றேன். “நல்ல பள்ளிக்கூடம்” என்றார்.

கிளம்பும்போது மொழிபெயர்ப்பாளர், பிரியாவிடைக்குச் சொல்லும் 'சயோனரா'வைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளைத் தூண்டினார். யோஷிக்கோ அம்மா கையை உயர்த்தி அதைத் தடுத்தார். வானின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, “இத்தெகிமாஸ்” என்றார். போய் வருகிறேன். இந்த வயதில், இத்தனை கடல் தாண்டி, போய் வருகிறாராம்!

“இத்தெராஷ்ஷாய்!” என்று பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கேற்றுக்கு வெளியே படுத்திருந்த மான் எழும்பி ஓடியது. ஊரிலேயே அவசரப்பட்டு எழும்பிய முதல் மான் அதுவாகத்தான் இருக்கும்.

வான் போன பிறகும் பெற்றோர் கலையவில்லை. கேற்றடியில் சத்தம் உயர்வது கேட்டது. படியில் என்னோடு உட்கார்ந்திருந்த சுகந்தி முகம் மாறி எழுந்தாள்.

“முதல் கேட்டது என்ர மகன்ர குரல்தான்” என்றாள் ஜெயந்தி.

“சும்மா கதைக்காதீங்க தங்கச்சி. உங்கட மகன் தண்ணி ஊத்தினவன். முதல் கூப்பிட்டது என்ட மகள்.”

“ஊத்தினா என்ன? சொல்லியும்தானே ஊத்தினவன்!”

“சொன்னவன். ஆனா பிந்தி.”

“பிந்தியோ? ஜன்னலடியில நிண்ட உங்கட தம்பின்ர மகன்தான் பிந்தினவன். அவனுக்குச் சொல்லே வரேல்லை. கவின்தான் செடியடியில நிண்டு எடுத்துக் குடுத்தவன்.”

“அதையும் என்ட மகள்தான் கவினுக்குப் படிப்பிச்சவள்!”

இன்னும் நாலு பேர் தங்கள் பிள்ளைகளின் பெருமையோடு நடுவில் புகுந்தார்கள். யார் பிள்ளையின் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தமிழரும் முஸ்லிம்களும் கலந்து கட்சி பிரிந்து, கட்சி மாறி, கையை நீட்டிப் பேசினார்கள்.

“நான் போய் விலக்கட்டா?” என்றேன்.

சுகந்தி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். “விடடி. நல்லாச் சண்டை பிடிக்கட்டும்.”

கேற்றைப் பூட்டுகிற நேரம் கடந்துபோயிற்று. பூட்டையும் சாவியையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் முடிக்கட்டும் என்று நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்திருந்தோம்.